சல்லடையில் நின்ற கப்பி

பம்பாயில் மாடு கட்டிப் பால் ஊற்றுவதில் கறப்பது கால் வேலை, மாட்டு வயிற்றுக்கு நார் தேடி அலைவதுதான் முக்கால் வேலை. ஒற்றை மாட்டை வைத்துப் பிழைத்த அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

கரும்புச் சக்கை

உலகச் சண்டைக் காலத்தில் கல்யாண் பக்கமிருந்து வந்த வைக்கோல் நின்றுபோச்சு. என் செவலைப் பசு சும்மா இருக்குமா? இடுப்பில் மகள், தலையில் சாக்கு. மாதுங்கா மார்க்கெட்டில் பட்டாணித் தோல், பருப்பு மில்லில் தோலும் குருணையுமாகக் கழிக்கும் துவரம் பொட்டு, தாராவி முக்கில் சாறு பிழியும் நம்ம ஊர் அண்ணாச்சியிடம் கரும்புச் சக்கை. பால் நுரைத்துக்கொண்டு வந்தது. அதைக் கேட்ட அண்ணாச்சி சொன்னார்: "நான் பிழிஞ்சு போட்டதையே உன் மாடு இன்னொரு தரம் பிழியுதே. அதைக் கடையில கட்டிப்போட்டுட்டு நான் ஊருக்குப் போறேன் தாயி."

ஆணி

பக்கத்துக் கொட்டகை சண்முகத்தக்காவின் எருமை, மில் பொட்டோடு ஓர் ஆணியையும் விழுங்கிச் செத்தது. அக்கா அழவில்லை. காலிச் சாக்கைத் திரும்பத் திரும்ப உதறினாள். "கொட்டுன கை என் கைதானளா" என்றாள்.

சல்லடை

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சக்கையை நிறுத்தினேன், அதில் தகரம் கிடந்தால்? மகளுக்கு மாவு சலிக்கும் சல்லடையிலேயே பொட்டைச் சலித்து, மேலே நின்ற காம்பு, குச்சி, கப்பி எல்லாவற்றையும் சாக்கடையோரம் கொட்டினேன். மாவாக விழுந்ததை நனைத்து வைத்தால் செவலை தொட்டியை நக்கி வழித்துவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினைந்து நாளில் பால் நீர்த்துவிட்டது. மாதுங்காவில் ஒரு மாமி, பாலக்காட்டுக்காரர். தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைக்கு என் பாலைத்தான் கொடுத்து வந்தார். காய்ச்சினால் ஏன் ஆடையே கட்டவில்லை என்று கேட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை என்றேன். செம்பை என் பக்கம் தள்ளி, நாளையிலிருந்து பால் வேண்டாம் என்றார். "பாலைப் பார்த்தாலே தெரியறது, உன் பேச்சை வேற கேக்கணுமா?"

அசை

அப்புறம் செவலை தீனி எடுக்கவில்லை, வயிறு உப்பிக் கிடந்தது. சண்முகத்தக்கா வந்தவள், மாடு கடைசியாக எப்போது அசை போட்டது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ நாளாக அந்த வாய் அசையவே இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அக்கா தொட்டிக்குள் கைவிட்டு அந்த மாவைத் தேய்த்துப் பார்த்தாள். முரட்டு நார் இருந்தால்தான் மாடு அசை போடும், அசை நின்றால் முதலில் பால் நீர்க்கும், பிறகு வயிறு கெடும் என்றாள். ஓடிப்போய் ஒரு கட்டுச் சக்கை கொண்டுவந்தேன். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. அக்கா என் தலையைத் தடவிச் சொன்னாள்: "பெத்த பிள்ளைக்குச் சலிக்க மாதிரில்லா சலிச்சிருக்க."

மாமி வந்தது

மறுநாள், அதுவரை தாராவிப் பக்கமே வராத மாமி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விசாரித்து விசாரித்து வந்துவிட்டார். குழந்தை ரொம்ப இளைத்திருந்தது. மாடில்லாத முளைக்குச்சியை அவர் கவனிக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் சொன்னார்: "தண்ணி கலந்தாலும் போனாப் போறது, நீயே கொண்டுவா. வேற பாலை இவன் வாயிலேயே வைக்க மாட்டேங்கறான்."

இப்போதும் மாவு சலித்தால் மேலே நிற்கும் கப்பியைக் கொட்ட மனசு வராமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன், தின்னத்தான் மாடில்லை.