மெழுகுக்குள் இருந்த சதை

ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூட முகப்பில் நான் வேலை பார்த்தபோது வந்தவர் அவர். புந்தோங்கிலிருந்து லோரி ஓட்டுகிறவர். தடித்த கழுத்து. பேசும்போதெல்லாம் முஷ்டியால் எதையாவது இடித்துக்கொண்டே இருப்பார்.

மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய். அறுத்தெடுத்த சதையை மெழுகில் பதித்து, கோலாலம்பூரில் சோதிக்கக் கொண்டுபோகும்படி அவரிடம் கொடுத்தேன்.

"இதுல இருக்குற மூலக்கூறு அடையாளத்தப் பாத்துதான் நோய் பரவுமா, எந்த மருந்துக்கு அடங்கும்னு சொல்லுவாங்க. பத்திரம் அண்ணே."

மறுநாள் மனைவியோடு வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் எறிந்தார். உள்ளே மண்ணோடு கலந்த மெழுகுத் தூள்.

"சுத்தியலால அடிச்சிட்டேன்லா. இவள தின்னது இதுதானே!"

"அறிவிருக்கா அண்ணே? நோயப் பத்தி நமக்கு இருந்த சாட்சி அது!" என்று கத்திவிட்டேன்.

அவர் தன் தலையை மேசையில் மோதினார். நெற்றி கிழிந்து, என் படிவங்களின்மேல் இரத்தம் சொட்டியது. மறுபடியும் மோதினார். அதே சதையைப் பதித்த இன்னொரு மெழுகுக் கட்டி எங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டிய பிறகுதான் அடங்கினார்.

"நான் அத அடிச்சப்ப இவளுக்கு வலிச்சிருக்குமாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள், மனைவி கை நீட்டி அந்த இரண்டாவது கட்டியை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் புருவத்தில் பழைய தையல் தழும்பு இருந்தது.

"கல்யாணமாகி இருவது வருஷம். அடிச்சா வலிக்குமான்னு இன்னைக்குத்தான் கேக்குறாரு" என்றாள்.

அவர் வாய்விட்டு அழுதார். எந்த அடிக்காக அழுதார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.