டெல்மாவின் மூக்கு

பெர்த்துக்கு வடக்கே, எங்கள் வெரிங்கா ஊராட்சியில் டெல்மா பிக்கட்டின் மூக்கு பொதுச் சொத்து. மாட்டையும் குதிரையையும் கடித்து ரத்தம் குடிக்கும் லாய ஈயைப் பீடை என்று அறிவித்த நாளிலிருந்து அவள்தான் ஈ அதிகாரி. பச்சைக் கோழி எருவைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. அறுவடை முடிந்த கோஸ் தழையை அழுகவிடாமல் உழுது புதைக்க வேண்டும். மீறினால் டெல்மாவின் வண்டி வாசலில் நிற்கும். இறங்குவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சி, எந்த மூலையில் எரு என்று சொல்லிவிடுவாள். அடக்கமெல்லாம் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அந்த மார்ச்சில் அவள் வீட்டுக் குதிரையே ஈக்கடி தாங்காமல் கொட்டிலை உதைத்துக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாசிடோனியாக்காரன் ட்ராயானின் காலிஃபிளவர் தோட்டம். கேட்க வேண்டுமா?

"ஈ அடங்கற வரைக்கும் ஒரு நாத்துகூட நடக் கூடாது."

"மண்ணைத் தோண்டிப் பாரு டெல்மா. ஒரு புழு இருந்தாலும் நான் தின்னுடறேன்."

"எனக்கு நாத்தம் வருதே."

"காத்து உன் வீட்டுப் பக்கத்துலேர்ந்துல்ல அடிக்குது!"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல."

தட்டுகளில் நாற்று மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் ட்ராயானுக்கு அந்த வருஷப் பயிரே கிடையாது. ஊராட்சி அலுவலகத்தில் தபால் பிரிக்கிற என்னிடம் வந்து புலம்பினான். ஆனால் அந்த மூக்கை எதிர்த்து யார் பேசுவது?

சனிக்கிழமை விவசாயக் கண்காட்சி. டெல்மாவின் புருஷன் கிளைவின் பூசணிக்கு முதல் பரிசு. இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி, ஜெயித்தவர் வளர்த்த விதத்தை மைக்கில் சொல்ல வேண்டும். மறைத்தால் நீல ரிப்பன் அடுத்தவருக்குப் போய்விடும். கிளைவ் கொஞ்சம் பீரும் குடித்திருந்தான்.

"எல்லாம் கோழி எருதான்! பச்சையா, ஒரு ட்ரெய்லர் நிறைய. கொட்டிலுக்குப் பின்னாடி கொட்டி, வைக்கோலப் போட்டு மூடிட்டேன். எங்க வீட்டம்மா மூக்குக்கே தெரியலைன்னா பாத்துக்கோங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் டெல்மாவைப் பார்த்தார்கள். அவள் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. நேராக மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"ட்ராயான், நாளைக்கே நட்டுக்கோ. கிளைவ், உனக்கு நோட்டீஸ் வரும்."

"அது நம்ம வீட்டுக்குத்தானே வரும்?" என்றான் கிளைவ்.

மறுநாள் காலையில் நான் கிளைவுக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனபோது, யாரும் கூப்பிடாமலே ட்ராயான் டிராக்டரோடு டெல்மா வீட்டுக்கு வந்து நின்றான். நட வேண்டிய நாளில் இவன் எதற்கு இங்கே வந்தான் என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கலப்பை வைக்கோலைப் புரட்டியதும் அடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இன்ஜினை நிறுத்திவிட்டு ட்ராயான் கேட்டான்:

"இப்பவாவது நாத்தம் வருதா, டெல்மா?"

"வருது," என்றாள் அவள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.