தேரியில் முன்சக்கரம்

பத்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. மாமா பைக்கோடு அந்தரத்தில் பறக்கும்போது முன்சக்கரம் தாழ்கிறதா, எழும்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா குவைத்தில் நர்ஸ், அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. என்னைத் திசையன்விளையில் கல்யாணமாகாத மாமாவின் வீட்டில் விட்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பகலெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை சுவர்ப்பல்லிதான் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். மாமா பக்கத்தில் நின்றிருந்தார். மறுநாளே உத்தியோகம் கிடைத்தது.

ஊருக்கு வெளியே தேரி. செம்மணல் மேட்டில் ஏறி மாமா பறப்பார். கீழே ஒற்றைப் பனையடியில் நான் நிற்பேன். அந்தரத்தில் வண்டியை அடக்க இரண்டே வழிதான். முன்சக்கரம் தாழ்ந்தால் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும், எழும்பிவிடும். அளவுக்கு மீறி எழும்பினால் பின்பிரேக்கை மிதிக்க வேண்டும், தாழ்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, மேலதிகாரி முன் நிற்பதுபோல் நிற்பார்.

"ஏட்டி, முன்சக்கரம் என்ன செய்யுது?"

"கொஞ்சம் தாழுது மாமா."

அந்தக் கோடையில் கோயம்புத்தூரில் ஒரு பந்தயம் வந்தது. தேறினால் அங்கேயே ஒரு குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். மாமா போய்விட்டால் எனக்குப் பாளையங்கோட்டையில் ஹாஸ்டல். டிரங்குப் பெட்டிகூட வாங்கியாயிற்று. மூடிமேல் என் பெயரை மாமாவே பெயிண்டில் எழுதினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

கிளம்புவதற்கு முதல்நாள் மாமா பறந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே மட்டம். இறங்கி வந்து வழக்கம்போல் கேட்டார்.

"ரொம்பத் தாழுது மாமா. பைய முறுக்காதீங்க, நல்லா முறுக்குங்க."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிட்டி, நீ சொன்னா சரிதான்" என்று மறுபடி மேடேறினார். முறுக்கினார். முன்சக்கரம் செங்குத்தாக எழும்பியது. பிரேக்கை மிதிப்பதற்குள் மல்லாக்க விழுந்துவிட்டார்.

தோளெலும்பு முறிந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் "கை பிசகிட்டு வே" என்று ஒரே பதில். கோடை முழுக்க வலக்கையில் கட்டோடு, இடக்கையால் என்னோடு தாயம் உருட்டினார். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன். அப்படியொரு வாய்ப்பு அவருக்கு மறுபடி வரவில்லை.

போன வருஷம் நானே ஒரு வண்டியில் அந்த மேட்டிலிருந்து பறந்தேன். முன்சக்கரம் அரைச் சாண் தாழ்ந்தாலும் கைப்பிடி முதலில் சொல்லிவிடுகிறது. கீழே நின்று யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதே இல்லை. நான் சொன்னது பொய்யென்று மாமாவின் கைக்கு அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தும் முறுக்கியிருக்கிறார்.

இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். பனையடியில் கேட்பதற்கு யாரும் இல்லை.