உம்மா பேரில் வெட்டிய கிணறு

எங்கள் பக்கத்தில் உம்மாவோ வாப்பாவோ மவுத்தாகிவிட்டால், கொஞ்சம் வசதி உள்ள பிள்ளைகள் அவர்கள் பேரில் ஊருக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுப்பார்கள். அதில் யார் தண்ணீர் குடித்தாலும் அந்த நன்மை கப்ருக் குழியில் இருப்பவருக்குப் போய்ச் சேரும். என் உம்மா மவுத்தான வருடம் நான் துபாயிலிருந்து வந்து, பெரியபட்டினத்தை ஒட்டிய எங்கள் தெருக்கோடியில் ஒன்று வெட்டினேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் அப்படி இனித்தது. என் அக்கா, நாங்கள் லாத்தா என்போம், முதல் வாளியை இறைத்து அழுதுகொண்டே குடித்தாள்.

எனக்குத் திரும்ப துபாய் போக மனமில்லை. கிணற்றுக்குப் பின்னால் கிடந்த எங்கள் பொட்டலில் இறால் பண்ணை போட்டேன். குளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொன்னார்கள். களிமண் தரைதானே, கசியாது என்று விட்டுவிட்டேன். பெரிய அறிவாளி நான்! கடலிலிருந்து மோட்டார் வைத்து உப்புத் தண்ணீரை இழுத்து நிரப்பினேன். இறால் பிடித்து முடித்ததும், அழுகிய தீவனமும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீரைப் பக்கத்து ஓடையில் திறந்துவிட்டேன். மறுநாள் ஓடை முழுக்க மடவை மீன்கள் செத்து மிதந்தன. நண்டுகள் கரையேறிக் கிடந்தன. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேனே தவிர, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ரெண்டு மழை பெய்தால் சரியாகிவிடும் என்றேன்.

கிணற்றடியில் மட்டும் ஆள் குறையவில்லை. நான் பண்ணைக்குப் போகும்போதெல்லாம் தெருப் பெண்கள் யாராவது இறைத்துக்கொண்டிருப்பார்கள். பார்த்ததும் மனசு குளிர்ந்துவிடும்.

போன கோடையில் ஒருநாள் தாகம் எடுத்தது. இறைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமியிடம் கையை நீட்டினேன். அவர் வாளியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி, வீட்டுல போயிக் குடிங்க."

"கெணறு இங்கன இருக்கையில வீட்டுக்கு எதுக்கு மாமி?" என்று வாளியை வாங்கி வாயில் ஊற்றினேன். ஒரே கரிப்பு. துப்பிவிட்டேன்.

"எத்தன நாளா இப்புடி இருக்கு?"

மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு வருசம் ஆச்சு. குடிக்க லாரித் தண்ணிதான். இத இறைச்சு வாசல்ல ஊத்திருவோம். உம்மா பேருல உள்ள கெணறு யாரும் தொடாமக் கெடந்தா நீங்க தாங்குவீங்களா? ஒங்க லாத்தாதான் சொல்ல வேணாம்னுச்சு."

யா அல்லாஹ்! என் மனசு நோகக் கூடாதென்று ஒரு தெருவே உப்புத் தண்ணீரைச் சுமந்திருக்கிறது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த வாரமே மோட்டாரைக் கழற்றினேன். குளத்தை மண் போட்டு மூடினேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டித் தீர்த்தது. வாரம் தவறாமல் ஒரு வாய் இறைத்துக் குடித்துப் பார்த்தேன். அதே கரிப்பு. கிணற்றை ஒட்டி நின்ற வேம்பு பட்டுப்போனது. ஓடைக்கு ஒரு மீன்குஞ்சுகூடத் திரும்பவில்லை.

அப்போதும் அந்தப் பெண்கள் வந்து இறைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னாலும், "சட்டி கழுவ ஆகும் தம்பி" என்று சிரித்து மழுப்பினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. போன மாதம் கான்கிரீட் பலகைகளை இறக்கி, கிணற்றை நானே மூடினேன்.

லாத்தா வந்து நின்றாள். கடைசிப் பலகையும் விழுந்தது. பண்ணை போட்ட நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாதவள், அப்போதும் திட்டவில்லை. சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏலே, இனி உம்மாவுக்கு என்ன போயிச் சேரும்?"