யாருக்கும் கொடுக்க முடியாத பரிசு

வேலூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கிறிஸ்துமஸ் தோறும் ஆரணியிலிருந்த அப்பா அம்மாவுக்கு ஒரு கூடைப் பரிசு கட்டிக்கொண்டு போவேன். கேக், ஹார்லிக்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் இருக்கும். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் அம்மா அதைப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. ஒரு வருடம், பேப்பரை எட்டப் பிடித்துப் படிக்கும் அப்பாவுக்கு, அவர் பவருக்கே கண்ணாடி செய்து கூடையில் வைத்தேன். இதை யாருக்குக் கொடுப்பார்கள், பார்க்கலாம் என்றிருந்தேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு நெசவாளர் அந்தக் கண்ணாடியோடு தறியில் உட்கார்ந்திருந்தார்.

“பாவம், இழை தெரியாம பேஜார் பட்டுகினு இருந்தாரும்மா. எனக்கென்ன, பைபிள்ல பாதி மனப்பாடம்தானே,” என்றார் அப்பா.

பிறகு பேப்பரை என்னிடம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”