ஜுனைதீனின் முன்சில்லு

பதுளை ஜுனைதீன் தன் ஆயுளில் பாதியை நடந்தே தீர்த்தவர். தோளில் சேலை மூட்டை, தலையில் துருக்கித் தொப்பி, கக்கத்தில் குடை. இப்படியே ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்குவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்தால் பெண்கள் கூடிவிடுவார்கள். வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் பொய் சொல்ல மாட்டார். "இந்தப் பச்சை ஒங்களுக்கு எடுக்காது, அந்த மாதுளங்கலரைப் பாருங்க" என்று கையிலிருக்கும் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வார். அதனாலேயே அடுத்த முறையும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ரயில் தெமோதரையோடு நின்று, பதுளைக்கு இன்னும் வந்து சேராத காலம் அது. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போகும்போது விட்டுச்சென்ற பழைய வண்டி. பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி ஒன்று பொருத்தியிருந்தது. துரை அதில் தன் நாயை ஏற்றிக்கொண்டு போவாராம். ஜுனைதீன் அதை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, சேலை மூட்டையை ஏற்றினார். ஓட்டப் பழகியபோது ஒருமுறை வயலுக்குள் போய் இறங்கியதைப் பற்றி இங்கே விரிவாகச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார்.

வண்டி வந்த அன்றே அவர் மனைவி மர்லியா, பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் போய் ஓர் இசும் வாங்கி வந்தாள். ஓதி எழுதிய தாளைச் சுருட்டி அடைத்த சிறு செப்புக் குப்பி. பிள்ளைகளின் கழுத்திலும் இடுப்பிலும் கட்டுவது. மர்லியா அதைக் கறுப்பு நூலில் கோத்து, வண்டியின் முன்சக்கரத்துக்கு, அவர்கள் பேச்சில் முன்சில்லுக்கு மேலே, விளக்கு மாட்டும் கம்பியில் கட்டினாள். கட்டிவிட்டுச் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தாள். அவளுக்கு அந்த வண்டியென்றால் பயம். புகை விடுவதும் உறுமுவதும் ஒருபக்கம் கிடக்கட்டும், எப்போது பாயும் என்று தெரியாத ஒன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாரே என்பதுதான் அவள் கவலை.

அந்தப் பயத்திலும் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. லுணுகலையில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை றஷீதாவுக்குக் கலியாணமாகிப் பல வருஷம் கழித்துப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. பிறந்த நாற்பதாம் நாள் செய்யும் நாற்பது கழிப்புக்கு, மூத்தவள் ராத்தா வந்து பிள்ளையை மடியில் வாங்க வேண்டும் என்று தங்கை சொல்லியனுப்பியிருந்தாள். பசறை வழியாக மாட்டு வண்டியில் போனால் வளைவுக்கு வளைவு மர்லியாவுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். போன தடவை போய்ச் சேர்ந்தவள் இரண்டு நாள் பாயை விட்டு எழும்பவில்லை. தபால் வண்டியிலோ ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள்.

"நான் கொண்டுபோறேன். காலையில வெளிக்கிட்டா பகல் சோத்துக்கு லுணுகலை" என்று ஜுனைதீன் வீட்டில் சொன்னார். கடைத்தெருவில் சொன்னார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு இறங்கும்போதும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

மறுவாரம், ஓட்டப் பழகி முடித்து மலைத்தெருவில் வண்டியை விட்டதுமே முன்சில்லில் சத்தம் தொடங்கியது.

ஏற்றத்தில் ஒன்றும் இல்லை. வண்டி இறக்கத்தில் ஓட்டம் பிடித்ததும் முன்னாலிருந்து டிக், டிக் என்று கேட்கும். வேகம் கூடினால் டிக்டிக்டிக் என்று பொரியும். நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தால் சில்லு ஒன்றும் அறியாததுபோல் நிற்கும்.

"அது என்ன சத்தம்?" என்றாள் மர்லியா, அவர் முற்றத்தில் வந்து இறங்கியதும். தெருச் சரிவில் வரும்போதே அவள் காதில் விழுந்திருந்தது.

"புது எடத்துக்கு வந்தீக்கிதானே. பழகினா போயிரும்."

"மாடா அது, பழகுறதுக்கு? அந்தச் சத்தம் ஈக்கிற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. ஜுனைதீன் மறுநாளே தெமோதரைப் பக்கம் போய், தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கும் சிவஞானத்தைப் பிடித்தார். சிவஞானம் கெட்டிக்காரர், அதை மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

"ஏத்தத்துல இல்ல, எறக்கத்துல இருக்கு. அப்படித்தானே நானா?" என்றார், ஜுனைதீனை அண்ணன் முறை வைத்து. "அப்ப சில்லுக்குள்ள இருக்கிற பால்ஸ்தான். சந்தேகமே வேணாம்."

வேலையைத் தொடங்குமுன் அவர் ஒன்று செய்தார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தார். விளக்குக் கம்பியிலிருந்த இசுமை நிதானமாக அவிழ்த்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, ஜுனைதீனிடம் நீட்டினார்.

"சாமி சமாச்சாரம். கிரீஸ் கை படக்கூடாது. நீங்க வச்சுக்கங்க."

ஜுனைதீன் பிஸ்மி சொல்லி வாங்கிக் கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டார். சிவஞானம் சில்லைக் கழற்றி, பால்ஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து மாட்டினார். தொழிற்சாலைக்குக் கீழேயுள்ள இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. பதுளைவரை பெரும்பாலும் இறக்கம்தான். வழிநெடுக ஜுனைதீன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு வந்தார். மூச்சு விடவில்லை முன்சில்லு.

வீட்டுக்கு வந்ததும் உட்பையிலிருந்த இசுமை மர்லியாவிடம் கொடுத்தார். மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, தொழுகைக்குக் கைகால் கழுவிய வுழுவுடனேயே அவள் அதைப் பழைய இடத்தில் கட்டினாள். அன்று மாலை ஜுனைதீன் தோட்டத்திலிருந்து இறங்கும்போது, டிக், டிக், டிக்.

இரண்டாம் தடவை சிவஞானம் கொஞ்சம் யோசித்தார். "கம்பி லூசா இருக்கும்" என்றார். மறுபடி கை கழுவினார், இசுமைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, இறுக்கினார். ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. ஜுனைதீனுக்கு வந்த சந்தோஷத்தில் சிவஞானத்தின் வீட்டுக்காரிக்கு ஒரு மாதுளங்கலர் சேலையையே கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்துச் சத்தம் திரும்பவும் வந்தது. சேலை திரும்பவில்லை.

இப்போது கடைத்தெருவே பேசத் தொடங்கிவிட்டது. ஜுனைதீன் தலையைக் கண்டதும் தேநீர்க் கடையில் யாராவது நாக்கால் டிக் டிக் என்பார்கள். சேலைக்காரர் சிரித்துக்கொண்டுதான் போவார், ஆனால் உள்ளுக்குள் வலித்தது. கேலிக்காக அல்ல. தங்கை பிள்ளைக்குத் தைத்த சின்னச் சட்டைகளை மர்லியா மாலைநேரத்தில் எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தாள். நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

மர்லியாவும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வண்டிக்குக் கண்ணூறு பட்டிருக்கும் என்று தோன்றியது அவளுக்கு. இவர் ஊரெல்லாம் பெருமையடித்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றியதிலும் தப்பில்லை. மறுபடி லெப்பையிடம் போய் இன்னொரு இசும் வாங்கிவந்து முதலாவதன் பக்கத்திலேயே கட்டினாள்.

அன்று இறக்கத்தில் சத்தம் இரட்டித்தது. டிக்கிடிக், டிக்கிடிக் என்று, கோயில் திருவிழாவுக்கு மேளக்காரன் பழகுவதுபோல.

ஜுனைதீன் வண்டியைத் திருப்பி நேரே தொழிற்சாலைக்கு விட்டார். சிவஞானம் இந்த முறை பேசவே இல்லை. கையைக் கழுவினார், இரண்டு குப்பிகளையும் அவிழ்த்துக் கண்ணில் ஒற்றினார், கொடுத்தார். அரைநாள் சில்லோடு மல்லுக்கட்டினார். ஓட்டிப் பார்த்தார்கள். அமைதி. அந்த அமைதியைப் பார்த்து இருவருக்கும் பயமாக இருந்தது.

"நானா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் சிவஞானம். "இந்த வண்டிக்கு என்னயப் புடிச்சிருக்கு. என்னயப் பாத்தா அடங்கிப் போவுது."

ஜுனைதீன் வீட்டுக்குத் திரும்பும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது. பாதி வழியில் வண்டி இருமி நின்றுவிட்டது. பெட்ரோலுக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும். அந்த இடத்தில் தெரு கொஞ்சம் மேலே ஏறி இறங்கும். மேட்டைத் தாண்டிவிட்டால் வீடுவரை உருண்டே போகலாம் என்று ஜுனைதீன் சாரத்தை மடித்துக் கட்டி, வண்டியைத் தள்ளினார். நாலு அடி தள்ளியதும் மூச்சு வாங்கியது. பின்சில்லுக்குக் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

டிக்.

வண்டி அசையவில்லை. முன்சில்லு சேற்றுக்குள் பேசாமல் நின்றது. ஜுனைதீன் மெல்லக் குனிந்து பார்த்தார். டிக்கிடிக் என்றது. பின்னுக்கு நகர்ந்தார், சத்தமும் கூடவே நகர்ந்தது. சத்தம் சில்லைவிட்டுத் தன் உடம்புக்குள் ஏறிவிட்டது என்று நினைத்து நெஞ்சைப் பிடித்தார். பிடித்த கைக்குள் கோட்டுப் பை. பைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இரண்டு செப்புக் குப்பிகள்.

அந்தத் தூறலில், நடுத்தெருவில், ஜுனைதீன் தனியாக நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லாம் இப்போது விளங்கியது. ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும், குப்பி சும்மா தொங்கும். இறக்கத்தில் ஓட்டம் கூடினால் காற்றுக்கு உள்ளே சாய்ந்து சில்லுக் கம்பிகளைத் தட்டும். சில்லைத் திறக்கும்போதெல்லாம் மரியாதையாக எடுத்துப் பையில் வைத்தார்கள், சத்தமும் பைக்குள் போனது. வீட்டுக்கு வந்ததும் மரியாதையாகக் கட்டினார்கள், சத்தம் திரும்பி வந்தது. வண்டியில் சந்தேகப்படாத ஆணி ஒன்றுகூட இல்லை. இதை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவது?

சிரிப்பு அடங்கியதும் வேறொரு கவலை பிடித்தது. இதை மர்லியாவிடம் எப்படிச் சொல்வது? அவர் உயிருக்குக் காவலாக அவள் கட்டியது. பயந்து பயந்து கட்டியது. "ஒன்ட இசும்தான் ஒன்ன வண்டியில ஏறவிடாமப் பண்ணிச்சு" என்றால் அவள் முகம் எப்படிப் போகும்? சொல்லாமல், பையிலேயே வைத்துக்கொண்டு, சிவஞானத்தின் தலையில் ஏதாவது புகழைக் கட்டிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. மேட்டைத் தாண்டி வீடுவரை உருண்ட வழியெல்லாம் அந்தப் பொய்க்கு நிறம் தேர்ந்துகொண்டே வந்தார்.

வீட்டில் மர்லியா கையை நீட்டினாள், வழக்கம்போல் இசுமை வாங்கிக்கொள்ள. ஜுனைதீன் அந்தக் கையைப் பார்த்தார். எடுக்காத பச்சையை எடுக்கிறது என்று ஒருநாளும் சொல்லத் தெரியாதவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மர்லியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கி, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். விளக்குக் கம்பியையும் சில்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குப்பியிலிருந்த நூலைத் தன் முழங்கையோடு வைத்து அளந்து பார்த்தாள்.

"ஒரு முழம் வருது" என்றாள்.

"அது ஒன்ட பிழையில்ல..."

"என்ட பிழைதான். பிள்ளைக்குக் கட்டுறதெண்டா இப்படியா கட்டுவேன்? கிட்டப் போகப் பயம். நூலை நீட்டாக் கோத்து, எட்டி நிண்டு, கண்ண மூடிக்கிட்டு முடிச்சுப் போட்டேன்." சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் உடைந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "பயந்து கட்டினது. அதுதான் என்னையே பயங்காட்டீக்கிது."

உள்ளே போய் வுழுச் செய்துகொண்டு வந்தாள். நூலைப் பல்லால் கடித்துக் குட்டையாக்கினாள். ஜுனைதீன் விளக்கைப் பிடித்துக்கொள்ள, அவள் மண்டியிட்டு, இடது கையைச் சில்லுக் கம்பிகளுக்கு ஊடாக விட்டு, இரண்டு குப்பிகளையும் விளக்குக் கம்பியோடு ஒட்ட வைத்து, இறுக்கி இறுக்கிச் சுற்றினாள். முடிந்த பிறகும் கையை உடனே எடுக்கவில்லை. சேறு படிந்த டயரை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

நாற்பதன்று காலை அந்த வண்டி பசறை இறக்கத்தில் போனபோது முன்சில்லிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துப் பெட்டியில் சின்னச் சட்டைகளின் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மர்லியா உட்கார்ந்திருந்தாள். முதல் வளைவில் கண்ணை மூடினாள். மூன்றாவது வளைவில் திறந்தாள். அதற்கப்புறம் மூடவே இல்லை. தலையும் சுற்றவில்லை.

லுணுகலையில் றஷீதா பிள்ளையைத் தூக்கி ராத்தாவின் மடியில் வைத்தாள். பகல் சோற்றுக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தார்கள், சொன்னது சொன்னபடி.

"அப்ப அந்தச் சத்தம் என்னாச்சு மச்சான்? பதுளையே கதச்சிச்சாமே" என்று றஷீதா கேட்டாள்.

ஜுனைதீன் மனைவியின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அது வந்து... உள்ளுக்குள்ள பால்ஸ் கொஞ்சம்..." என்று இழுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மோசமான நிறத்தை நல்ல நிறம் என்று விற்கப் பார்த்தார், அதுவும் அவளுக்காக.

மர்லியா விடவில்லை. பிள்ளையின் கழுத்திலிருந்த இசுமைக் கையில் எடுத்து, நூலை இரண்டு விரலால் அளந்து பார்த்தாள். தங்கை அளவாகத்தான் கட்டியிருந்தாள்.

"அந்தப் பொய் ஒங்களுக்கு எடுக்கல்ல" என்றாள் மர்லியா. பிறகு தங்கையிடம் திரும்பி, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.