இடது பெட்டியில் விழுந்த சாவு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதும், நேரே மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். அங்கே இரண்டு தேனீப் பெட்டிகள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். அத்தனை ஈக்களும் ஒரே வாசலில் வருகின்றன, போகின்றன, ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. அதைப் பார்த்தால்தான் அவளுக்குப் படபடப்பு அடங்கும்.

அவள் கணவர் ஓர் அலுவலக கேன்டீனில் சமையல்காரர். அவருக்கும் தேனீக்களுக்கும் ஏழாம் பொருத்தம். மாடியில் துணி காயப்போடுவது அவர் பொறுப்பு. அதையும் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, திருடன் போலப் பதுங்கிப் பதுங்கித்தான் செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடது பெட்டியின் முன்னால் செத்த ஈக்கள் அள்ளிக் கொட்டியதுபோலக் கிடந்தன. உயிர் ஒட்டிக்கொண்டிருந்த சில, பறக்க முடியாமல் கிடந்த இடத்திலேயே சுற்றின. அவள் கீழே ஓடிவந்து, சமையலறையில் நின்றபடியே பெட்டி விற்றவருக்கு போன் போட்டாள்.

"தினமும் நாலஞ்சு விழுறது சகஜம்மா. ஓடி ஓடி உழைக்கிற ஈக்கு ஆயுசே ஒண்ணரை மாசம்தான். தீனி குறைஞ்சுதுன்னா ஆம்பள ஈயை எல்லாம் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். அதுங்க வேலை வெட்டி எதுவும் செய்யாதுல்ல."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் வேகத்தைக் கூட்டினார்.

"நாலஞ்சு இல்லைங்க, குவியலா கிடக்கு."

"அப்ப உத்துப் பாருங்க. இறக்கை சுருங்கிப்போயிருந்தா உண்ணியா இருக்கலாம். நாக்கை நீட்டிக்கிட்டுச் செத்திருந்தா, பெரும்பாலும் யாரோ மருந்து வச்சிருக்காங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனாள். ஒவ்வொன்றும் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டியபடி செத்துக் கிடந்தது. மருந்துதான். மருந்து என்றதும் அவள் கண்முன் வந்தது கீழ்வீட்டு வாசலில் வரிசைகட்டி நிற்கும் ரோஜாத் தொட்டிகள். அதற்குச் சொந்தக்காரர் ஒரு கண்ணாடிக்கடைக்காரர். அவளிடம் கார் பழகி, மூன்று முறை தேர்வில் கோட்டைவிட்டவர். இன்றைக்கும் அவளைக் கண்டால் அவர் கை தானாக சீட் பெல்ட்டைத் தேடும்.

செத்த ஈக்களை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு போய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பூவுக்கு என்ன அடிச்சீங்க?"

"சத்தியமா சோப்புத் தண்ணிதான் டீச்சர். அதுவும் பொழுது சாய்ஞ்ச பிறகுதான், ஈ எல்லாம் வீட்டுக்குப் போனப்புறம். போன தடவை நீங்க போட்ட சத்தத்துக்கு அப்புறம் கடை மருந்தைத் தொட்டதே இல்ல."

"அப்ப இது என்ன, தூக்குப் போட்டுக்கிச்சா?"

அவர் தட்டைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரெண்டு பெட்டியிலயும் சாவுதா டீச்சர்?"

"இடது பெட்டியில மட்டும்தான்."

"ரெண்டு பெட்டி ஈயும் இதே தெருவுலதானே மேயுது? என் பூவுல விஷம் இருந்தா ரெண்டும்ல சாகணும்?"

மூன்று முறை தோற்ற ஆள் இவ்வளவு நிதானமாக யோசிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்த வேகத்திலேயே படியேறி, இடது பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தாள். பெட்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் நாலு காலிலும், செத்த ஈக்கள் மூடிக் கிடந்த வாசல் பலகையிலும், மாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி. சப்பாத்திக் கட்டையில் தூவுகிற அதே நேர்த்தி. அந்தக் கைவண்ணம் அவளுக்குத் தெரியாதா?

"என்னங்க, கொஞ்சம் மேல வாங்க."

அவர் துண்டோடு வந்தார். பொடியைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"எறும்புப் பவுடர். நேத்து துணி எடுக்க வந்தப்ப பார்த்தேன், எறும்பு சாரை சாரையா ஏறுச்சு. கஷ்டப்பட்டுச் சேர்த்த தேனை எவனோ அடிச்சுட்டுப் போறானேன்னு மனசு கேக்கல."

"உங்களுக்குத்தான் தேனீயைக் கண்டாலே ஆகாதே."

"எறும்பைக் கண்டா அதைவிட ஆகாது." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அந்தப் பெட்டிக்கும் போடலாம்னு பார்த்தேன். டப்பா காலியாயிடுச்சு."

திட்டுவதற்காக இழுத்த மூச்சு சிரிப்பாகத்தான் வெளியே வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் ஏனோ கலங்கியிருந்தது. இத்தனை வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனுஷன், துண்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்றே பலகையை மாற்றினார்கள். கால்களை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினார்கள். எறும்புக்கு அதுவே போதும் என்று பெட்டிக்காரர் சொல்லியிருந்தார். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் பிடித்தது கணவர்தான். அப்படியும் ஒரு ஈ காதோரம் புகுந்து கணக்கைத் தீர்த்தது.

அந்த வாரம் முழுக்கச் சாவு குறைந்துகொண்டே வந்து, பிறகு நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது கூட்டம் பாதியாக இருந்தாலும், ராணி நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்தது. வலது பெட்டியிலிருந்து முட்டையும் புழுவுமாக ஒரு தேனடைச் சட்டத்தை எடுத்து, கூட்டம் பெருகட்டும் என்று இதில் வைத்தாள்.

"மூணாவதா ஒரு பெட்டி வாங்கலாமா?" என்றார் கணவர், வீங்கிய காதைத் தடவியபடி.

"முதல்ல இதுங்க கோவம் தீர்ந்து உங்களோட பேசட்டும்" என்றாள் அவள்.